ஒரே தரவு, ஒரே மாடல், இரண்டு விடை: ஸ்டாட்டாவை நம்புவதா, ஆர்-ஐ நம்புவதா?

நெடுங்கணக்கு:
அமெரிக்காவின் எச்ஆர்எஸ் (ஹெல்த் அண்ட் ரிட்டயர்மென்ட் ஸ்டடி) ஆய்வுத் தரவு பற்றிய கேள்வி. 50 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் துணைகளையும் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் தொடர்ந்து பேட்டி எடுத்துவரும் ஆய்வு அது. இரண்டு ஆண்டுக்கு ஒரு வேவ், அதாவது ஒரு பேட்டிச் சுற்று. ராண்ட் நிறுவனம் ஒழுங்குபடுத்தித் தரும் கோப்பில் சிஇஎஸ்டி என்ற மனச்சோர்வு மதிப்பெண் 0 முதல் 8 வரை. அதை வயதோடு பொருத்தி, ஆளுக்கொரு இன்டர்செப்ட் (தொடக்க அளவு), ஆளுக்கொரு ஸ்லோப் (வயதோடு மாறும் வேகம்) விட்டால், புள்ளியியல் மென்பொருளான ஸ்டாட்டாவின் மிக்ஸ்டு கட்டளை ஒரு வேரியன்ஸ் (ஆளுக்கு ஆள் உள்ள சிதறல்) தருகிறது, இன்னொரு மென்பொருளான ஆர்-இன் எல்மெர் வேறொன்று தருகிறது. எது தப்பு? ஒரு குழு இரண்டில் ஒன்றுக்கே மாறிவிடுவது நல்லதா?

ஆர்வலன்:
தப்பு எதுவும் இல்லை, நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட்தான் வேறு. ஸ்டாட்டாவின் மிக்ஸ்டு எம்எல் (மேக்சிமம் லைக்லிஹுட்) முறையில் மதிப்பிடும், எல்மெர் அதன் திருத்திய வடிவமான ஆர்இஎம்எல் முறையில். இது சின்ன வித்தியாசம். பெரியது அடுத்தது: ஸ்டாட்டா, நீங்கள் கேட்காவிட்டால் இன்டர்செப்டுக்கும் ஸ்லோப்புக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்ளும். எல்மெர் அந்தத் தொடர்பையும் சேர்த்து மதிப்பிடும். ஸ்டாட்டா வரியின் கடைசியில் கோவேரியன்ஸ் அன்ஸ்ட்ரக்சர்டு (தொடர்பையும் மதிப்பிடு என்று பொருள்), ஆர்இஎம்எல் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், எண்கள் ஒட்டிக்கொள்ளும்.

என் குற்றச்சாட்டு: தொடர்பைப் பூஜ்யமாக்கினால், வயதை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாடலே மாறிவிடும். 65-ஐக் கழித்துப் போட்டால் ஒரு விடை, வயதை அப்படியே போட்டால் இன்னொன்று. இதைச் சொல்லாமல் கொள்ளாமல் செய்வது மென்பொருளுக்கு அழகில்லை.

டூஃபைல்:
சொல்லாமல் கொள்ளாமலா? அவுட்புட்டின் தலைப்பிலேயே எம்எல் ரெக்ரஷன் என்று இருக்கும், ரேண்டம் எஃபெக்ட் பகுதியில் இன்டிபென்டன்ட் என்று அச்சடித்திருக்கும். படிக்காதவர் குறையை மென்பொருள் மேல் போடாதீங்க. எஸ்ஏஎஸ் என்ற இன்னொரு மென்பொருளின் பிராக் மிக்ஸ்டும் டீஃபால்ட்டாகத் தொடர்பை விட்டுவிடும், ஆனா ஆர்இஎம்எல்-இல் ஓடும். அதுல போட்டா மூன்றாவது விடையும் வரும்.

வெயிட்டுக்கு வருவோம். எல்மெரில் வெயிட்ஸ் என்ற இடத்துல சர்வே வெயிட்டை (மக்கள்தொகையில் ஒருவர் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்) கொண்டுபோய்ப் போடுறாங்க. அது சாம்ப்ளிங் வெயிட்டே இல்ல, அளவீட்டின் துல்லியத்துக்கான வெயிட். பிழைச்செய்தி வராது, எண்ணும் வரும், அர்த்தம்தான் இருக்காது. ஸ்டாட்டா மிக்ஸ்டு ஒவ்வொரு லெவலுக்கும் (மேலே ஆள், கீழே அவரோட ஒவ்வொரு வேவ்) தனி வெயிட் வாங்கும்.

ஆர்வலன்:
வாங்கும். ஆனால் வெயிட் கொடுத்தால் ஆர்இஎம்எல் கிடையாது, அதையும் சொல்லுங்கள். தவிர, எச்ஆர்எஸ் தருவது வேவுக்கு ஒரு வெயிட். அதை அப்படியே கீழ் லெவலில் போட்டால் தவறு. ஆளின் தொடக்க வெயிட் மேல் லெவலில், அந்த வேவின் வெயிட்டைத் தொடக்க வெயிட்டால் வகுத்தது கீழ் லெவலில். வயது வரம்புக்குள் வராத துணைகளுக்கு வெயிட் பூஜ்யம்; தொடக்க வேவிலேயே பூஜ்யம் என்றால் வகுக்கவே முடியாமல் மாடலிலிருந்து விழுந்துவிடுவார்கள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணிவிட்டு மேலே போங்கள்.

ஸ்டாட்டாவில் உண்மையான கண்ணி மிஸ்ஸிங், அதாவது விடுபட்ட விடை. ராண்ட் கோப்பில் 'தெரியாது', 'பதில் தர மறுத்தார்' எல்லாம் புள்ளி டி, புள்ளி ஆர் என்று இருக்கும். ஸ்டாட்டாவுக்கு மிஸ்ஸிங் எந்த எண்ணையும்விடப் பெரியது. சிஇஎஸ்டி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 என்று ஒரு வேரியபிள் உருவாக்குங்கள், மறுத்தவர்கள் எல்லாரும் மனச்சோர்வு பட்டியலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆர்-இல் மிஸ்ஸிங்கின் குறியான என்ஏ, என்ஏ-ஆகவே நிற்கும்.

டூஃபைல்:
இஃப் மிஸ்ஸிங் இல்லையெனில் என்று ஒரு நிபந்தனை, முடிஞ்சது. உங்க ஃபில்டர் மட்டும் யோக்கியமா? 'புகைப்பவர் அல்லாதோர்' என்று வடிகட்டினா என்ஏ வரிசைகளும் சத்தமில்லாம போயிடும். ஜிஇஇ-க்கு (ஒரே ஆளின் பல அளவீடுகளை ஒரு கொத்தா வைத்து மொத்தச் சராசரியை மதிப்பிடும் முறை) ஆர்-இல் எல்லாரும் எடுக்கிற ஜீஜிஎல்எம் இன்னும் மோசம். வேவ் கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றா ஒட்டிட்டு ஐடி வாரியா வரிசைப்படுத்தாம ஓட்டினா, ஒரே ஆளின் ஐந்து வேவை ஐந்து வேற ஆட்களா எண்ணிக்கும். எச்சரிக்கை கிடையாது, ஸ்டாண்டர்டு எரர் (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்ற அளவு) தப்பா வரும். ஸ்டாட்டால எக்ஸ்டிசெட் போட்டு எது ஐடி, எது வேவ்னு சொல்லியாச்சுன்னா இந்தப் பேச்சே இல்ல.

மூன்றாம்_வேவ்:
இருவரும் டீஃபால்ட்டுக்கே மல்லுக்கட்டுகிறீர்கள். இந்தத் தரவில் சராசரிக் கோட்டை அதைவிட வளைப்பது மரணம். ராண்ட் கோப்பில் ஒவ்வொரு வேவுக்கும் பேட்டி நிலை என்று ஒரு வேரியபிள் இருக்கிறது: 1 என்றால் பதில் தந்தார், 4 என்றால் உயிரோடு இருந்தும் தரவில்லை, 5 என்றால் போன வேவுக்கும் இந்த வேவுக்கும் நடுவே இறந்தார், 6 என்றால் அதற்கு முன்பே இறந்தார். லாங் வடிவத்துக்கு (ஒருவரின் ஒவ்வொரு வேவுக்கும் ஒரு வரிசை) மாற்றும்போது இதையும் கூடவே கொண்டுவராவிட்டால் 4, 5, 6 மூன்றும் ஒரே வெற்றிடமாகிவிடும். அப்புறம் மிக்ஸ்டு மாடல், செத்தவரும் 90 வயதுவரை பதில் சொல்லியிருப்பார் என்ற கணக்கில் சராசரிக் கோடு போடும். உயிரோடு இருப்பவர்களின் சராசரி வேண்டுமானால் இன்டிபென்டன்ஸ் ஜிஇஇ (ஒருவரின் வேவ்களைத் தொடர்பில்லாதவையாக வைப்பது), உயிரோடிருந்தும் விலகியவர்களை ஈடுகட்டத் தனி வெயிட். மரண அபாயத்தையும் சேர்த்து ஆராய வேண்டுமானால், மதிப்பெண்ணையும் மரணத்தையும் ஒன்றாகப் பொருத்தும் ஜாயின்ட் மாடல். அங்கே ஆர்-இன் ஜேஎம்பேயீஸ்2 பேக்கேஜின் கை மேலே.

இன்னொன்று, சிஇஎஸ்டி-யை 2-ஆம் வேவிலிருந்து எடுங்கள். முதல் வேவில் விடை அமைப்பே வேறு.

நெடுங்கணக்கு:
கோவேரியன்ஸையும் ஆர்இஎம்எல்-ஐயும் சேர்த்ததும் எண்கள் ஒத்துவந்துவிட்டன. ஆனால் எல்மெர் கன்வெர்ஜ் ஆகவில்லை (விடை ஒரு இடத்தில் நிலைக்கவில்லை) என்று புலம்புகிறது.

ஆர்வலன்:
வயதில் 65-ஐக் கழித்து 10-ஆல் வகுத்துப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விடை தேடும் ஆப்டிமைசரை பாபிகா என்பதற்கு மாற்றுங்கள். 'சிங்குலர்' என்று சொன்னால் கதை வேறு: ஸ்லோப்பின் வேரியன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம், அல்லது தொடர்பு 1-ஐயோ -1-ஐயோ முட்டி நிற்கிறது. ஸ்லோப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

டூஃபைல்:
குழுவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா நான் ஸ்டாட்டாதான் சொல்வேன். ஸ்டாட்டா கட்டளைகளை எழுதிவைக்கிற டூஃபைலின் முதல் வரியில் வெர்ஷன் 15 என்று எழுதினா புது ஸ்டாட்டாவும் 15 மாதிரியே நடந்துக்கும். ஆர்-இல் மேட்ரிக்ஸ் பேக்கேஜ் புதுசானதும், எல்மெர் இருக்கிற எல்எம்இ4 பேக்கேஜ் படுத்துக்கிட்டதை எல்லாரும் பார்த்தாச்சு.

ஆர்வலன்:
ஆர்என்வி போட்டுப் பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டிவைத்தவர்கள் பார்க்கவில்லை. லைசன்ஸ் காலாவதியான கணினியில் உங்கள் வெர்ஷன் 15 எப்படி ஓடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.