டென் லீடராக இருக்கச் சொல்கிறார்கள், நான் கூடாரமே போட்டதில்லை, ஒப்புக்கொள்ளலாமா?

டாலஸ்வாசி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் இரண்டாம் வகுப்பு. போன வருஷம் பள்ளியில் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து அவனே ஆசைப்பட்டுக் கேட்டதால் கப் ஸ்கவுட்டில் (இங்கே சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் படை) சேர்த்தோம். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைகர் நிலை, அதில் பெரியவர் ஒருவர் பிள்ளையோடு கூடவே இருக்க வேண்டும் என்பதால் எல்லாக் கூட்டத்துக்கும் நான்தான் போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது வுல்ஃப் நிலைக்கு வந்துவிட்டான். எங்கள் டென்னில் (ஒரே நிலைப் பிள்ளைகளின் சின்னக் குழு) மொத்தம் ஏழு பிள்ளைகள், அதில் இருவர் பெண் பிள்ளைகள்.

போன வருஷம் நடத்திய லீடர் வேலை மாறிக் குடும்பத்தோடு வேறு மாநிலம் போய்விட்டார். போன வாரம் பேக் (எல்லா டென்னும் சேர்ந்த பெரிய குழு) கூட்டம் முடிந்து எல்லாரும் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது பேக்கை நடத்தும் கப்மாஸ்டர் என்னிடம் வந்து, இந்த டென்னை நீங்கள் எடுத்து நடத்துகிறீர்களா, வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று கேட்டார். யாரும் முன்வராவிட்டால் டென்னைக் கலைத்துப் பிள்ளைகளை வேறு பேக்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நான் தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். எங்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தது, ஆனால் அது பி.டி. சாரும் சில பையன்களும் சம்பந்தப்பட்ட விஷயம், நான் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. கூடாரம் போட்டதில்லை, முடிச்சு போடத் தெரியாது. என் ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதும், ஆனால் இங்கேயே பிறந்த ஏழு வயசுப் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பேச அது போதுமா என்று பயமாக இருக்கிறது. உறுதிமொழியில் கடவுளுக்கான கடமை என்று வருகிறதே, அதை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை, வீட்டில் நாலு வயசுப் பெண் வேறு இருக்கிறாள். எடுத்து நடத்தியவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

பொன்னி_நியூஜெர்சி

தோழி, நான் மூன்று வருஷமாக டென் லீடராக இருக்கிறேன், இப்போது எங்கள் பிள்ளைகள் வெபலோஸ் (நாலாம் வகுப்பு) நிலையில் இருக்கிறார்கள். முதலில் அந்த ஒரு மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். கூட்டம் ஒரு மணி நேரம்தான், அது உண்மை. ஆனால் அதற்கு முந்தின நாள் சாமான் எடுத்துவைக்க, பெற்றோருக்குச் செய்தி அனுப்ப, யார் எதை முடித்தார்கள் என்று கணினியில் ஏற்ற எனக்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்புறம் மாதத்துக்கு ஒரு பேக் கூட்டம், பிப்ரவரியில் ப்ளூ அண்ட் கோல்ட் விருந்து, பைன்வுட் டெர்பி என்ற மரவண்டிப் பந்தயம், வசந்தத்தில் ஒரு ராத்திரி முகாம். இதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டால் மனக்கசப்பு வராது.

உங்களைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பெண் பிள்ளைகள் கலந்துகொள்ளும் எந்த நிகழ்ச்சியிலும் 21 வயசு நிரம்பிய, பதிவு செய்த பெண் தலைவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 2018-இல் கப் ஸ்கவுட்டில் பெண் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து அம்மாக்களை எல்லாப் பேக்கும் தேடிக்கொண்டிருக்கிறது. உங்கள் டென்னில் இருவர் இருக்கிறார்கள் என்கிறீர்கள், ஆகவே அந்த இரண்டு குழந்தைகளும் தொடர்ந்து வர நீங்கள் ஒருவர் அவசியமாகத் தேவைப்படலாம்.

எந்தக் கூட்டத்தையும் நீங்கள் தனியாக நடத்தவே முடியாது, விதி விடாது. பதிவு செய்த பெரியவர்கள் குறைந்தது இருவர் இருந்தாக வேண்டும். அடுத்தவர் பிள்ளையோடு நீங்கள் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும் கூடாது. சேரும்போது உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், சிறார் பாதுகாப்புப் பயிற்சியை இணையத்திலேயே முடிக்க வேண்டும். அதில் வரும் சில விஷயங்கள் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் முழுவதும் பாருங்கள். நம் வீடுகளில் பேசவே தயங்கும் விஷயங்களை அது நேராகச் சொல்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் என் பெண்ணிடமும் உட்கார்ந்து பேசினேன்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வுல்ஃப் வருஷத்தில் ஒரு மைல் நடைப் பயணம் ஒன்று வரும். ஒவ்வொரு பிள்ளையும் ஆறு பொருள் கொண்டுவர வேண்டும்: தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பை, டார்ச், வழியில் சாப்பிட ஏதாவது, வெயிலுக்குத் தொப்பியோ களிம்போ, ஒரு விசில். காட்டுப்பாதையில் யாரும் விட்டுப்போகாமல் இருக்க ஆளுக்கொரு எண் கொடுத்தேன், பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் எண் வந்த பையனுக்கு அந்த ‘ழு’ வரவில்லை. நாக்கை எங்கே வைக்கிறீர்கள் காட்டுங்கள் என்று என் வாய்க்கு நேராக வந்து நின்று பார்த்தான், போகும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், திரும்பி வரும்போது சரியாகச் சொல்லிவிட்டான். இன்றைக்கும் எங்கள் டென்னில் தலை எண்ணுவது தமிழில்தான்.

கடவுள் விஷயம்: வுல்ஃப் நிலையில் ஃபுட்ஸ்டெப்ஸ் என்று ஒரு பகுதி உண்டு, அதை அவரவர் வீட்டில் அவரவர் வழக்கப்படிதான் செய்வார்கள், நீங்கள் எந்த மதத்தையும் போதிக்க வேண்டியதில்லை. இந்துப் பிள்ளைகளுக்குத் தர்மா என்று தனிப் பதக்கமே இருக்கிறது. என் மகன் அதற்காகத் தாத்தாவிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதினான்.

---

ஆஸ்டின்_அப்பா

நான் கொஞ்சம் எச்சரிக்கை சொல்கிறேன், பயமுறுத்துவதற்கு இல்லை. நானும் இதே மாதிரி நாற்காலி மடக்கும்போது மாட்டியவன்தான். இரண்டு வருஷம் நடத்தினேன், வுல்ஃபுக்கு அடுத்த பேர் (Bear) நிலை முடிந்ததும் விட்டுவிட்டேன், இன்றுவரை மனசில் ஒரு வருத்தம் இருக்கிறது. காரணம் பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் நானே தலையில் போட்டுக்கொண்டேன். உதவித் தலைவர் என்று பேருக்கு ஒருவர் பதிவு செய்திருந்தார், கூட்டத்துக்கு வந்து ஓரமாக நிற்பார், அவ்வளவுதான். மற்றப் பெற்றோர் பிள்ளையை இறக்கிவிட்டுக் காரில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேக் கமிட்டியிடம் இரண்டு முறை சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது யோசித்தால் என் தப்பும் தெரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘யாராவது உதவ முடியுமா’ என்று போடுவேன், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். அப்படிக் கேட்டால் எவரும் வர மாட்டார்கள் சகோதரி, அது எந்த ஊரிலும் அப்படித்தான். ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லி, தேதி சொல்லி, வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘அக்டோபர் இரண்டாவது செவ்வாய் நடைப்பயணம், முதலுதவிப் பகுதியை நீங்கள் பதினைந்து நிமிஷம் சொல்லிக்கொடுங்கள், நர்ஸ் வேலையில் இருக்கிறீர்களே’ என்று கேட்டால் எவரும் மறுக்க மாட்டார். வுல்ஃப் பேட்ஜ் வாங்க ஆறு கட்டாயப் பகுதி, இரண்டு விருப்பப் பகுதி, ஆக எட்டு. உங்களிடம் ஏழு குடும்பம். முதல் கூட்டத்திலேயே ஆளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள், மிச்சம் ஒன்று உங்களுக்கு வரும். ஒப்புக்கொள்வதற்கு முன்பே இந்த நிபந்தனையைக் கப்மாஸ்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு உங்கள் தேவை இருக்கும்போதுதான் அது எடுபடும்.

பைன்வுட் டெர்பி பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா மன்ஹாட்டன் பீச்சில் 1953-இல் டான் மர்ஃபி என்ற கப்மாஸ்டர், பெரிய பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பி என்ற வண்டிப் பந்தயத்தில் சேர வயசு போதாத தன் மகனுக்காக யோசித்துக் கண்டுபிடித்த பந்தயம் அது. ஒரு மரக்கட்டை, நாலு சக்கரம், நாலு ஆணி, எடை ஐந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்யத்தான் அதைத் தொடங்கினார். எங்கள் பேக்கில் சில அப்பாக்கள் பிள்ளையைத் தொடவிடாமல் தாங்களே மெஷினில் வைத்து இழைத்து, வண்டியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். என் டென்னில் ஒரு பையன் தானே உப்புத்தாள் தேய்த்து, கோணல்மாணலாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, எடை குறைகிறது என்றதும் ஊரில் பாட்டி கொடுத்த ஐந்து ரூபாய் நாணயத்தை மேலே ஒட்டிக் கொண்டுவந்தான். ஓட்டம் ஒவ்வொன்றிலும் கடைசிதான். ஆனால் அந்த நாணயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கெல்லாம் அரைமணி நேரம் கதை சொன்னான். உங்கள் டென் பெற்றோரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வண்டி பிள்ளையுடையது என்று.

அதோடு உங்கள் மகன். லீடர் பிள்ளைதான் கூட்டத்தில் அதிகம் அடம் பிடிக்கும், அம்மா தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருப்பான் இல்லையா. கூட்டம் நடக்கும் நேரத்தில் அவனைக் கவனிக்கும் பொறுப்பை இன்னொரு பெரியவரிடம் ஒப்படையுங்கள். நான் அதைச் செய்யவில்லை, எல்லார் முன்னாலும் என் பையனை மட்டும் அதட்டினேன். அதற்காகப் பிறகு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

---

வைகைக்கரை

அம்மா, நான் மதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், பல வருஷம் சாரண ஆசிரியராகவும் இருந்தேன். இங்கே குருளையர் (உங்கள் கப் பிள்ளைகள் மாதிரி), சாரணர், சாரணியர் எல்லாமே பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தது. நாங்கள்தான் நடத்துவோம், பெற்றோர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். 2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் வைரவிழா ஜாம்பூரி நடந்தபோதும் பிள்ளைகளை அழைத்துப்போனவர்களில் ஆசிரியர்கள்தான் அதிகம். அதனால் ஒரு தாய் முன்னால் வந்து நிற்பதைப் படிக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

கூடாரம், முடிச்சு எல்லாம் கற்றுக்கொள்ளும் சமாச்சாரம்தான். எனக்கும் இருபத்தெட்டு வயசில்தான் தெரிய வந்தது. கடன் வாங்கியாவது ஒரு கூடாரம் கொண்டுவந்து வீட்டுப் பின்புறத்தில் மகனும் நீங்களும் பகலில் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள், மூன்றாவது தடவை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் போடுங்கள், அது போதும். முடிச்சுக்கு நான் கையாண்ட வழி சொல்கிறேன். இரண்டு நிறத்தில் பாவாடை நாடா வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒரே நிறக் கயிற்றில் எந்த முனை எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும். வலதை இடது மேல் போட்டுச் சுற்று, பிறகு இடதை வலது மேல் போட்டுச் சுற்று. சரியாக வந்தால் சிவப்பு ஒரு வளையமாகவும் வெள்ளை ஒரு வளையமாகவும் தட்டையாகப் படுத்திருக்கும், தப்பாகப் போட்டால் முனைகள் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளையே பார்த்துக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் தப்பு என்று சொல்லவே தேவையில்லை.

சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டபோது அது பெரிய பையன்களுக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் எங்களையும் சேருங்கள் என்று அண்ணன்மார் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால்தான் 1916-இல் குருளையர் படை பிறந்தது. உங்கள் மகன் துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து கேட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

---

டாலஸ்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி கணவரோடு உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். காலையில் கப்மாஸ்டரைக் கூப்பிட்டு, இந்த ஒரு வருஷம் நடத்துகிறேன், ஆனால் இன்னொரு பெற்றோர் உதவித் தலைவராக முழுதாக நிற்க வேண்டும், எட்டுப் பகுதியையும் பங்கு போட்டுக்கொடுப்பேன் என்று சொன்னேன். அண்ணா, நீங்கள் சொன்னது சரி, அவர் உடனே ஒப்புக்கொண்டார். டென்னில் ஒரு பெண் பிள்ளையின் அப்பாவை நேரில் பார்த்துக் கேட்டேன், என்னை யாரும் இதுவரை கேட்கவே இல்லையே என்றார், அடுத்த வாரம் பதிவு செய்கிறார். ஐயா, பாவாடை நாடா இங்கே கிடைக்குமா தெரியவில்லை, அம்மா ஊரிலிருந்து வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி முகாமுக்கு நான் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டுமா? முதல் கூட்டத்துக்கு என்ன செய்வது?

---

பொன்னி_நியூஜெர்சி

ரொம்பச் சந்தோஷம் தோழி! முகாமுக்குப் பாலூ (BALOO) என்ற முகாம் பயிற்சி முடித்தவர் ஒருவர் கூட வர வேண்டும், அது உங்கள் பேக்கில் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். இந்த வருஷமே நீங்கள் எடுத்தாக வேண்டும் என்று இல்லை.

முதல் கூட்டத்தில் நிறைய வைக்காதீர்கள். உறுதிமொழி, இரண்டு விரல் காட்டும் கப் வணக்கம், வெளியே ஓடி விளையாட இருபது நிமிஷம். பிள்ளைகள் வரும்போதே கையில் கொடுக்க ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வந்தவன் மேஜைக்கு அடியில் போய்விடுவான். சோப்புக் கட்டியும் ஐஸ் குச்சியும் கொடுத்து மீன் செதுக்கச் சொல்லுங்கள், நிஜக் கத்தி அடுத்த வருஷம் பேர் நிலையில்தான். ஒவ்வொரு அம்மா அப்பாவிடமும் ஒவ்வாமை பற்றி இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் ஆசையாகக் கடலை மிட்டாய் கொண்டுபோனேன், ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என்று அவன் அம்மா வாசலிலேயே பார்த்துச் சொன்னதால் தப்பித்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.