மறு: தன் பாட்டைத் தானே கட்டிப் பாடுபவருக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தன் பாட்டைத் தானே எழுதி, மெட்டமைத்துப் பாடுபவரை (singer-songwriter) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது. 'பாடகர்-பாடலாசிரியர்' எனக்குச் சரிப்படவில்லை. தமிழ்த் திரையுலகம் பாடலாசிரியர் என்ற சொல்லை வரி எழுதுபவருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. மெட்டும் அவருடையதுதான் என்று அதில் எங்கே தெரிகிறது?

பினாங்கில் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி பிறந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்து, அவரைப் பற்றி அரைப்பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சிக்கலே. 1948-ல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படக்கூடத்துக்குப் போனவர். 1950-ல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி'யில் (சாமிப் படம் இல்லை) கதாநாயகன். பாடவும் செய்தார், மெட்டமைத்தார், அப்புறம் இயக்கவும் செய்தார். ஆனால் 1960-ல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தின் 'கெத்தாரான் ஜீவா'வுக்கு மெட்டும் குரலும்தான் அவருடையவை, வரிகள் எஸ். சுடர்மாஜியுடையவை. ரம்லியைப் பாடலாசிரியர் என்றால் எழுதியவருக்கு அநியாயம். மலாய்க்காரர்கள் மெட்டை லாகு, வரிகளை செனி காத்தா என்று இரண்டையும் பிரித்தே சொல்கிறார்கள்.

சரி, ரம்லிக்குப் பாடகர், இசையமைப்பாளர் போதும். சொல் இல்லாமல் தவிப்பது கிட்டாரும் கையுமாகத் தம் பாட்டைத் தாமே பாடும் கோலாலம்பூர் இளையவர்களுக்குத்தான். நாளை அவர்களில் ஒருவர் படத்துக்குப் போனால், இயக்குநர் கேட்கும் காட்சிக்கு, வேறொருவர் குரலுக்கு மெட்டுப் போட வேண்டியிருக்கும். அது தனி வேலை, அதற்கு இசையமைப்பாளர் இருக்கவே இருக்கிறது.

கர்நாடக இசையில் சொல்லும் வாக்கேயகாரர் பொருளில் நெருக்கம்தான், சொல்லும் இசையும் அதற்குள் அடக்கம். ஆனால் சொன்னதுமே தம்பூரா சுருதி கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

என் பரிந்துரை: பாட்டுக்கட்டி. பாட்டுக் கட்டினாள் என்கிறோம், மெட்டுக் கட்டினாள் என்றும் சொல்கிறோம். ஒரே வினை இரண்டுக்கும் ஓடுகிறது. கதைசொல்லி ஊன்றிவிட்டதே, இது ஊன்றாதா?

அன்புடன்,
பினாங்கிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

'பாட்டுக்கட்டி' என்று வாசித்துக் காட்டியதும் அம்மா, "எங்கே வீங்கியிருக்கு?" என்றார். அது போகட்டும். கட்டுவது வந்துவிட்டது, பாடுவது வரவில்லையே? கட்டிவிட்டு இன்னொருவரைப் பாடச் சொல்பவரும் பாட்டுக்கட்டிதானே? அடுத்த வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சின்ன நிகழ்ச்சிக்கு ஒட்டும் அறிவிப்பில் 'பாட்டுக்கட்டிப் பாடகர்' என்று போட்டுப் பார்க்கிறேன். யாரும் சிரிக்காவிட்டால் அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.