14 மாத லாப்ரடார், முதல் ஃபெசன்ட் சீசன்: பெக்கில் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?

புதுத்துப்பாக்கி கேட்டது:

வணக்கம். ஷாட்கன் சான்றிதழ் வந்தாச்சு. அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரில் ஃபெசன்ட் (வேட்டைப் பறவை) சுடுகிற ஒரு சின்ன சின்டிகேட்டில் (செலவைப் பகிர்ந்து சுடுகிற குழு) இடம் இருக்கு, ஒரு நாளைக்கு 80, 100 பறவை விழுகிற அளவு. கறுப்பு லாப்ரடார் பெட்டை, இப்போ 10 மாசம், சீசன் தொடங்கும்போது 14 ஆகும். உட்காரும், கூப்பிட்டா வரும், டம்மியை (பயிற்சிக்கு எறிகிற துணிப்பொதி) தேடி எடுத்துக் கையில் கொடுக்கும். துப்பாக்கிச் சத்தம் இன்னும் கேட்டதில்லை, உண்மையான பறவையையும் வாயில் எடுத்ததில்லை.

நான் சுடும்போது பெக்கில் (சுடுகிறவர் நிற்கிற இடம்) பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? அதுக்குள்ள என்னென்ன சொல்லிக்கொடுக்கணும்? சட்டப்படி கவனிக்க வேண்டியது, அன்றைய நாள் சாப்பாடு, முதலுதவி, இதெல்லாமும் சொன்னால் நல்லது.

சீழ்க்கைக்காரர்:

முதல் சீசனில் நீங்கள் சுடுகிற நாளில் நாயைப் பெக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். கண் வானத்தில் இருக்கும்போது தரையில் இருக்கும் நாயைக் கவனிக்க முடியாது. அது எழுந்து ஓட நினைக்கிற அந்த அரை நொடியில்தான் திருத்த முடியும். பறவையோடு திரும்பி வந்தபின் அதட்டினால், பறவையைக் கொண்டுவந்ததற்கு அடி என்றுதான் அதற்குப் புரியும். அடுத்த முறை கொண்டுவராது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நல்ல டிரைவில் (ஆட்கள் பறவைகளைக் கலைத்துத் துப்பாக்கி வரிசைப் பக்கம் விரட்டும் ஒரு சுற்று) இருபது நிமிடத்தில் முப்பது பறவை கண்ணெதிரே விழும். இளம் நாய் அந்தத் துடிப்பை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாமல் முனகத் தொடங்கும். முனகல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அநேகமாகப் போகவே போகாது. ஃபீல்டு ட்ரையலில் (வேட்டை நாய்ப் போட்டி) முனகும் நாயை அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் சுடாத நாளாகப் பார்த்து, பிக்கிங்-அப் செய்கிறவர்களோடு (விழுந்த பறவைகளை நாயோடு தேடி எடுப்பவர்கள்) போங்கள். துப்பாக்கி வரிசைக்கு 200 கஜம் பின்னால் நின்றால் சத்தம் கேட்கும், பறவை விழுவது தூரத்தில் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். டிரைவ் முடிந்து ஹார்ன் ஊதியபின் செத்துக் கிடக்கும் பறவைகளில் இரண்டை மட்டும் இவளுக்குக் கொடுங்கள். மற்றதைப் பழகிய நாய்களோ நீங்களோ எடுங்கள். அரை நாள் போதும். முதல் சீசனில் இப்படி ஐந்தாறு நாள் கிடைத்தால் அதிகம்.

அக்டோபருக்குள் செய்ய வேண்டியதில் முதலில் சத்தம். களிமண் தட்டு சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் "பழக்குவது" பல நல்ல நாய்களைக் கெடுத்திருக்கிறது. ஒரு ஆள் 200 கஜம் தள்ளி நின்று ஸ்டார்ட்டர் பிஸ்டலை ஒரே ஒருமுறை வெடிக்கட்டும். அந்த நேரம் நாய் டம்மியை நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. காது அசைந்து, ஓட்டம் நிற்காவிட்டால் இரண்டு நாள் கழித்து 150 கஜம், பிறகு 100, பிறகு 60. வால் கீழே போனாலோ, உங்கள் காலடிக்கு வந்தாலோ, வண்டிப் பக்கம் பார்த்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த முறை தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். டம்மியை வெடித்து எறிகிற லாஞ்சரை முதல் சத்தமாக வைக்காதீர்கள், காதுக்குப் பக்கத்தில் அது ரொம்பக் கூர்மை.

அடுத்தது விசில். லாப்ரடார்காரர்கள் பெரும்பாலும் அக்மி 211½ வைத்திருப்பார்கள், ஸ்பானியல்காரர்கள் 210½. எந்த எண்ணை எடுத்தாலும் அதே எண்ணில் இரண்டு வாங்குங்கள். ஒன்று தொலையும், வேறு சுருதியில் ஊதினால் நாய் தயங்கும். ஒரு நீள ஊதல் என்றால் நில், உட்கார், என்னைப் பார். விட்டுவிட்டுக் குட்டி ஊதல்கள் என்றால் திரும்பி வா. 40 கஜத்தில் முழு ஓட்டத்தில் இருக்கும்போது நீள ஊதலுக்கு உட்காருகிறதா என்பதுதான் உண்மையான தேர்வு.

டம்மியிலும் ஒரு திருத்தம் தேவைப்படலாம். எறிகிற ஒவ்வொன்றையும் அவளை எடுக்க விட்டால் "விழுந்தால் ஓடு" என்று கற்றுக்கொள்வாள். பத்து எறிந்தால் ஏழை நீங்கள் நடந்துபோய் எடுங்கள், அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். மீதி மூன்றுக்கும் உடனே அனுப்பாமல் முப்பது நொடி, ஒரு நிமிடம் என்று காக்க வையுங்கள்.

உண்மைப் பறவைக்கு, போன சீசனில் உறைய வைத்த கௌதாரியோ சிறிய பெட்டை ஃபெசன்டோ யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். முழுதாக உறைநீங்கி, ஈரம் துடைத்து, இறக்கைகளை உடம்போடு எலாஸ்டிக் பட்டையால் கட்டியபின் கொடுங்கள். அரைகுறையாக உறைநீங்கிய பறவையை நாய் வாயில் மாற்றி மாற்றிப் பிடிக்கும், அதுவே பழக்கமாகும். காட்டுப்புறாவில் தொடங்க வேண்டாம். இறகு பொலபொலவென்று உதிர்ந்து வாய் நிறைய ஒட்டும், பல குட்டிகள் அதோடு பறவையே வேண்டாம் என்று துப்பிவிடும். வேறு கிடைக்காவிட்டால் புறாவைப் பழைய நைலான் காலுறைக்குள் நுழைத்துக் கொடுக்கலாம்.

காயம்பட்டு ஓடுகிற சேவல் ஃபெசன்ட் இந்த வருஷம் வேண்டவே வேண்டாம். கால்முள்ளால் முகத்தில் கீறு வாங்கிய நாய் அடுத்த பறவையை நசுக்கித்தான் பிடிக்கும்.

வேலியோரம்:

பயிற்சியை மேலே சொல்லிவிட்டார், சட்டப் பக்கம் மட்டும் எழுதுகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் என்பதால் அந்தக் கணக்கு.

கௌதாரி செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. கடலோரம் அல்லாத இடங்களில் வாத்து செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் ஃபெசன்ட், கௌதாரி சுடக்கூடாது. வுட்காக் என்ற காட்டுப் பறவையை டிசம்பருக்கு முன் தொடாமல் விடுவதே இன்று பொறுப்பான ஷூட்டுகளின் வழக்கம். இங்கேயே கூடு கட்டுகிறவை குறைந்துவிட்டன, குளிருக்கு வருகிற கூட்டம் அதற்குள் வந்துசேர்ந்திருக்கும்.

நாய்க்கு எட்டு வாரத்திலிருந்து மைக்ரோசிப் கட்டாயம், 2016 ஏப்ரலிலிருந்து. வீடு மாறினால் பதிவிலும் முகவரி மாற்ற வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். பொது இடத்தில் பெயரும் முகவரியும் உள்ள கழுத்துப்பட்டை வேண்டும் என்பது 1992 ஆணை. வேட்டையில் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. முட்புதரிலும் கம்பியிலும் பட்டை மாட்டி நாய் தொங்கிய விபத்துகள் இருப்பதால் புதருக்குள் பட்டை இல்லாமல் அனுப்புவதே சரி. வண்டிக்குத் திரும்பியதும் மாட்டிவிடுங்கள். கயிற்று ஸ்லிப் லீடு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கோடையில் மூர்நிலம் போன்ற திறந்த நடைநிலங்களில் பயிற்சி செய்ய நினைத்தால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே நாய் 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் இருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆகவே பயிற்சிக்கு விவசாயியிடம் அனுமதி பெற்ற நிலம் ஒன்று உங்களுக்குத் தேவை.

முக்கியமானது ஒன்று. பறவை வேலிக்கு அந்தப் பக்கம், அண்டை நிலத்தில் விழுந்தால் கையில் துப்பாக்கியோடு தாண்டாதீர்கள். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அது ஆயுதத்தோடு அத்துமீறல். தோட்டா இல்லாவிட்டாலும் குற்றம்தான். துப்பாக்கியைச் சான்றிதழ் உள்ள இன்னொரு சுடுபவரிடம் கொடுத்துவிட்டு, அண்டை நிலக்காரரின் அனுமதி ஏற்கெனவே இருந்தால் மட்டும் போங்கள். அனுமதி இருக்கிறதா என்று ஷூட் தலைவரிடம் காலையிலேயே கேட்டுவையுங்கள். சுவரிலோ வேலியிலோ துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு நாயை அழைக்கப் போவது சட்டத்துக்கு முன்பே அறிவுக்குப் பொருந்தாது. நாய் தட்டித் துப்பாக்கி விழுந்து வெடித்திருக்கிறது.

வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது, இங்கிலாந்தில் 1999 முதல். ஸ்டீலுக்கு மாறினால் ஈயத்தைவிட இரண்டு எண் பெரிய குண்டாக எடுங்கள், 6-க்குப் பதில் 4 (எண் குறைந்தால் குண்டு பெரிது). சோக் (குழல் முனையின் குறுக்கம்) பாதிக்கு மேல் வேண்டாம். பழைய துப்பாக்கியானால் முதலில் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் சேம்பர் (தோட்டா இருக்கும் அறை) நீளத்தையும் ப்ரூஃப் முத்திரையையும் (அழுத்தச் சோதனை முத்திரை) பார்க்கட்டும்.

வண்டியில் நாய் கட்டப்பட்டோ கூண்டிலோ இருக்க வேண்டும், பிரிட்டன் சாலை விதிநூலான ஹைவே கோடின் 57-ஆம் விதி. துப்பாக்கியை நாய்க்கூண்டோடு சேர்த்து வைக்காதீர்கள், ஈரமும் நகமும் அதற்குப் பகை.

ஈரக்கால்:

சாப்பாடு: முழு உணவு முந்தின நாள் மாலையில். காலையில் வழக்கமானதில் கால்பங்கு, வேலைக்கு மூன்று மணி நேரம் முன்னால். நடுவில் ஒவ்வொரு டிரைவுக்கும் பிறகு கையளவுக்கும் குறைவாக ஏதாவது, தண்ணீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. மாலையில் உடம்பு காய்ந்து, மூச்சு அடங்கி, ஒரு மணி நேரமாவது ஆனபின் உணவு. வயிறு நிறைய ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து ஆழமான மார்புள்ள நாய்களுக்கு அதிகம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், எச்சில் ஒழுகினால் "பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. வழியிலேயே மருத்துவருக்குப் போன் செய்துகொண்டு கிளம்புங்கள்.

பை: உப்புநீர்க் குப்பி, ஒட்டாத காயத்துணி, பஞ்சுப் பட்டி, தன்னோடு ஒட்டும் பட்டி, முனை மழுங்கிய கத்தரி, உண்ணி பிடுங்கும் கொக்கி, மடித்த வெப்பப்போர்வை. மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதுவும் கொடுக்காதீர்கள், ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு.

ஒவ்வொரு டிரைவுக்குப் பிறகும் முன்னங்கால் அக்குள், அடிவயிறு, விரலிடுக்கு, கண் ஆகிய நான்கு இடத்தையும் பாருங்கள். முள்கம்பிக் கிழிசல் லாப்ரடாரின் அடர்த்தியான முடிக்குள் ஒளிந்துகொள்ளும், மாலையில் நொண்டும்போதுதான் தெரியும். கம்பிவேலியைத் தாண்டச் சொல்லாதீர்கள். தூக்கிக் கடத்துங்கள், இல்லாவிட்டால் கேட்டுக்கு நடங்கள்.

குளிர்ந்த நீரில் நீந்தி ஈரத்தோடு வண்டியில் கிடந்த மறுநாள் லாப்ரடாரின் வால் அடியில் சிறிது நீட்டி நின்று மீதி செத்ததுபோல் தொங்கலாம். எலும்பு முறிந்ததாகப் பயப்படுவார்கள். தசை வலிதான், ஓய்வில் பொதுவாகச் சில நாளில் சரியாகும். வலி அதிகமானால் மருத்துவர். தடுப்பது எளிது: வேலை முடிந்ததும் துவட்டி, உலர்த்தும் கோட்டு மாட்டுங்கள்.

நவம்பர் முதல் மே வரை சேற்றில் நடந்தால் கால்களைக் கழுவி உலர்த்துங்கள். அலபாமா ராட் என்ற நாய் நோய் பிரிட்டனில் 2012-இல் முதலில் தெரியவந்தது, காரணம் இன்னும் உறுதியாகவில்லை, அரிதுதான். ஆனால் காலிலோ முகத்திலோ காரணமில்லாத புண் வந்தால் அன்றே காட்டுங்கள், அடுத்து சிறுநீரகத்துக்குப் போகலாம்.

பெட்டை என்பதால் ஒன்று: சூட்டில் (இனச்சேர்க்கைப் பருவம்) இருக்கும் மூன்று வாரமும் ஷூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாய் வந்து எல்லா ஆண் நாய்களின் வேலையையும் கெடுத்துவிடும். கடைசிச் சூடு எப்போது என்று குறித்துவைத்து, அடுத்தது சீசனில் எங்கே விழுகிறது என்று இப்போதே பாருங்கள்.

முட்புதர்:

பெக் வேண்டாம் என்பதில் சம்மதம். பிக்கிங்-அப் ஒன்றே வழி என்பதில் இல்லை. பல ஷூட்டுகளில் பிக்கிங்-அப் குழுவுக்குப் புது ஆள் தேவைப்படாது, பீட்டர் வரிசையில் (பறவைகளைக் கலைத்து எழுப்புகிறவர்கள்) ஆள் எப்போதும் குறைவு. லாப்ரடாரைக் கயிற்றில், காலோடு ஒட்டி நடத்திக்கொண்டு வரிசையில் போகலாம். பறவை முகத்துக்கு முன் சடசடவென எழும்பும், அவள் உட்கார வேண்டும். எழும்பும் பறவைக்கு உட்காருவது அவளுக்கு வாழ்நாள் முழுதும் உதவும். கயிற்றை அவிழ்த்துத் தேட விட்டால்தான் கெடுதல்: விசில் கேட்காத தூரத்துக்குப் போய், டிரைவ் தொடங்குமுன் காட்டையே காலி செய்துவிடும், கீப்பர் (ஷூட்டின் பறவைகளைக் கவனிப்பவர்) அடுத்த முறை கூப்பிட மாட்டார். அந்த வேலை ஸ்பானியலுக்கு.

எப்படியானாலும் கீப்பரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: இளம் நாய், கயிற்றிலேயே இருக்கும், மதியத்தோடு கிளம்புவேன் என்று. மறுக்கிற கீப்பர் குறைவு.

புதுத்துப்பாக்கி:

எல்லோருக்கும் நன்றி. பெக் யோசனையை விட்டுட்டேன். முட்புதர் அண்ணா சொன்ன மாதிரி கயிற்றோட பீட்டிங்கும், இடம் கிடைச்சா பிக்கிங்-அப்பும். ஒரு சந்தேகம்: சில நேரம் டம்மியை எனக்கு இரண்டு கஜம் முன்னாலேயே கீழே போட்டுடறா. பறவையிலும் இதே வந்தா? அப்புறம் வாய் கெட்டிருக்கான்னு, அதாவது பறவையை நசுக்குறாளான்னு, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சீழ்க்கைக்காரர்:

கீழே போடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நம் கை. வந்ததும் பறிக்கிறோம், அவள் அதற்கு முன்பே விட்டுவிடுகிறாள். இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள்: அவள் வரும்போது பின்னால் நடங்கள், கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். வந்து சேர்ந்ததும் டம்மியைத் தொடாமல் மார்பையும் கழுத்தையும் பத்து நொடி தடவுங்கள். பிறகு கையை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து, தலை உயர்ந்த நிலையில் வாங்குங்கள். கீழே போட்டால் நீங்கள் குனிந்து எடுக்காதீர்கள், நாலு அடி பின்னால் நகர்ந்து கூப்பிடுங்கள், எடுத்துக்கொண்டு வருவாள். வேலிக்கும் புதருக்கும் நடுவில் ஒடுக்கமான பாதை இருந்தால் அங்கே பழக்குங்கள், சுற்றிவர இடமில்லாததால் நேராக வருவாள். தண்ணீரிலிருந்து வரும்போது உதறுவதற்காகப் போடுவது வேறு கதை, அதற்குக் கரை விளிம்பிலேயே நின்று வாங்கிவிட வேண்டும்.

வாயைச் சோதிக்க, பறவையின் தலை உங்கள் பக்கம் இருக்க உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் மற்ற விரல்களும் இருபுற விலா எலும்புகளை மெதுவாக உணரட்டும். நல்ல பறவை வளைந்து உருண்டையாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால் விழுந்த அடியாகவோ குண்டாகவோ இருக்கலாம். இரண்டு பக்கமும் உள்ளே நொறுங்கித் தட்டையாக இருந்தால் வாயைச் சந்தேகியுங்கள். ஒரு பறவையை வைத்து முடிவு கட்டாமல், அவள் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் கேம் கார்ட் வண்டியில் தொங்கவிடுமுன் தொட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டு அப்படி வந்தால் சூடான, அதாவது அப்போதுதான் சுட்ட பறவைகளை நிறுத்திவிட்டு, குளிர்ந்த கௌதாரிக்கும் டம்மிக்கும் ஒரு மாதம் திரும்புங்கள்.