மாடியில் 500 லிட்டர் அக்வாபோனிக்ஸ்: போர் தண்ணி, ஜிலேபி மீன், கீரை – எதுல ஆரம்பிக்கணும்?

மொட்டைமாடி_மேடவாக்கம்

வணக்கம் எல்லாருக்கும். தரைத்தளம் + ஒரு மாடி வீடு. மேல அக்வாபோனிக்ஸ் (மீன் டேங்க் தண்ணியைச் செடித் தொட்டிக்கு ஏத்தி, திரும்ப டேங்க்குக்கே வடிய விடுற முறை) போடலாம்னு பொருள் சேர்த்து வச்சிருக்கேன்: 500 லிட்டர் கறுப்பு வாட்டர் டேங்க் ஒண்ணு, சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் நீல டிரம் ரெண்டு. டிரம்மை நீளவாக்குல அறுத்தா நாலு தொட்டி. அதுல ஜல்லி போட்டு அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா, ரெண்டு மிளகாய்ச் செடி. தண்ணி போர்தான். பிஎச் (அமில-கார அளவு) 8.2, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு) 900.

கேள்விகள்: எத்தனை வாட் பம்ப் வாங்கணும்? ஜிலேபி எத்தனை விடலாம்? தொட்டி நிரம்பினதும் தானா இழுத்து வடிக்கிற பெல் சைஃபனா, பம்பை நிறுத்தி ஓட்டுற டைமரா? வர்ற ஞாயிற்றுக்கிழமை மீன் குஞ்சு வருது, அதுக்கு முன்னாடி வேற ஏதாவது செய்யணுமா?

பாசிப்பச்சை

சார், முதல் வேலையா அந்த ஞாயிற்றுக்கிழமை மீனை நிறுத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

மீன் செவுள் வழியா அமோனியா விட்டுக்கிட்டே இருக்கும். அதை நைட்ரைட்டாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஜல்லி மேல படிஞ்சாதான் மீனும் பிழைக்கும், செடிக்கும் உரம் கிடைக்கும். புதுத் தொட்டியில அது குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நம்ம ஊர் வெயில்ல கொஞ்சம் சீக்கிரம் முடியலாம், ஆனா மூணு நாள்ல முடியாது.

உங்க தண்ணியில இது இன்னும் மோசம். டெஸ்ட் கிட் காட்டுற அமோனியா முழுக்க விஷம் இல்லை. அதுல ஒரு பங்குதான் மீனைக் கொல்லும், அந்தப் பங்கு பிஎச்சும் சூடும் ஏற ஏறக் கூடும். 30 டிகிரியில பிஎச் 7ன்னா நூத்துக்கு ஒண்ணுகூட இல்லை, 0.8 சதவீதம்தான். அதே சூட்டுல பிஎச் 8.2ன்னா 11 சதவீதம். அதாவது கிட்ல அதே 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) காட்டினாலும் உங்க டேங்க்ல விஷம் 14 மடங்கு. நீங்க பம்ப் பத்திக் கேக்கறீங்க, உங்க பிரச்சினை பூரா தண்ணியில இருக்கு.

செய்ய வேண்டியது: போர் தண்ணியில பாதி, மழைத் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ பாதி. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு ஊத்திடாதீங்க, உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் ஏர் பம்ப் ஓட விட்டு அப்புறம் ஊத்துங்க. பிஎச்சை இறக்க எலுமிச்சை பிழியாதீங்க. சிட்ரிக் அமிலம் பாக்டீரியாவுக்கு ஆகாது, மறுநாளே பிஎச் பழைய இடத்துக்கு ஏறிடும். அவசியம்னா பாஸ்பாரிக் அமிலம், அதுவும் தனி வாளியில தண்ணியோட கலந்து, ஒரு நாள் வச்சு, பிஎச் பார்த்துட்டு. நேரா டேங்க்ல கூடவே கூடாது.

இன்னொரு விஷயம். இந்த பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணியில இருக்கிற காரத்தைத் தின்னும்: ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம். அதனால மீன் நல்லா சாப்பிட ஆரம்பிச்சு சில வாரத்துல பிஎச் தானாவே இறங்கும். நீங்க ஆவியாப் போற தண்ணிக்குப் பதிலா தினமும் போர் தண்ணியே ஊத்தினா மட்டும் இறங்காது. மேல ஊத்துற தண்ணிதான் முக்கியம். வெயில் காலத்துல உங்க அளவுக்கு நாளுக்குப் பத்து லிட்டராவது போகும்.

அரை_இஞ்ச்_எல்போ

குழாய் பக்கம் நான் சொல்றேன்.

டேங்க்: மேல் கூம்பை, சுவர் நேரா நிக்கிற இடத்தோட அறுத்து எடுத்திடுங்க. அந்தச் சின்ன வாய் வழியா மீன் பிடிக்கவும் முடியாது, கழுவவும் முடியாது. 450 லிட்டர் நிக்கும், போதும். வெட்டின ஓரத்தைப் பழைய ஹோஸ் பைப்பைக் கீறி மூடுங்க.

ஜல்லி: முக்கால் ஜல்லி, 20 மி.மீ. ஒரு கல்லு மேல வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்புக்கல், வேண்டாம், பிஎச் கீழ இறங்கவே இறங்காது. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லு நுரைக்காது, பயமில்லை. அரியலூர் பக்கத்துலேர்ந்து கல் எடுக்கிறவங்கதான் கட்டாயம் பார்க்கணும், அங்க சிமென்ட் ஃபேக்டரி சும்மா வரலை. கிரஷர் தூசி போக, வடியற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க. அலுத்துப்போய்ப் பாதியில விட்டா அந்தச் சேறு பம்ப்ல போய் உக்காரும்.

பம்ப்: வாட்டைப் பார்க்காதீங்க, உயரத்தைப் பாருங்க. பெட்டியில "ஹெட் 3 மீட்டர், 3000 லிட்டர்"னு போட்டிருந்தா, 3000 லிட்டர் தரையில, 3 மீட்டர் உயரத்துல சொட்டுகூட வராது. நாலு தொட்டிக்கும் சேர்த்து ஒண்ணரை மீட்டர் உயரத்துல மணிக்கு 1200 லிட்டர் வேணும். அதுக்கு அந்த 3000 லிட்டர் பம்ப், 40 வாட் சுமார், சரியா இருக்கும். தொட்டிக்கு ஒரு பால் வால்வ் போட்டு மணிக்கு 300 லிட்டர் வர்ற மாதிரி வைங்க. ஒரு லிட்டர் ஜக் 12 செகண்ட்ல நிரம்பினா 300.

பம்பை டேங்க் தரையோட வைக்காதீங்க, ஒரு செங்கல் மேல நிறுத்துங்க. மேல குழாய் கழண்டு தண்ணி மாடியில ஓடிடுச்சுன்னா, மீனுக்கு ஒரு சாண் தண்ணியாவது மிஞ்சணும்.

பெல் சைஃபன்: நடுவுல 25 மி.மீ. குழாய், தொட்டி அடியிலேர்ந்து 20 செ.மீ. உயரம், அதோட தலையில 40-25 ரெடியூசரைப் புனல் மாதிரி கவுத்து மாட்டுங்க. அது மேல எண்ட் கேப் போட்ட 75 மி.மீ. குழாய் (இதுதான் பெல்), அடியில நாலு வெட்டு, வெட்டோட உயரம் ரெண்டு செ.மீ. அதைச் சுத்தி துளை போட்ட 110 மி.மீ. குழாய், ஜல்லி உள்ள வராம இருக்க. தொட்டிக்கு அடியில டேங்க் நிப்பிள், வெளிய ஒரு எல்போ. தண்ணி ஏறும்போது ஜல்லியோட மேல் நாலு செ.மீ. காய்ஞ்சே இருக்கணும். அங்க ஈரம் வந்தா பாசி, கொசு ரெண்டும் வரும்.

டைமரும் தப்பில்லை, 15 நிமிஷம் ஓடி 45 நிமிஷம் நிக்கிற மாதிரி. ஆனா நாலு தொட்டியும் ஒரே நேரத்துல நிரம்பினா டேங்க்லேர்ந்து 140, 150 லிட்டர் மேல போயிடும், மூணுல ஒரு பங்கு. சைஃபன்ல தொட்டிக்குத் தொட்டி முன்னப்பின்ன வடியறதால அந்த ஆட்டம் குறைவு. நான்னா சைஃபன்தான்.

கம்பி_கட்டுறவன்

ரெண்டு பேரும் எடையை மறந்துட்டீங்க. ஜல்லி போட்ட அரை டிரம் ஒண்ணு, தண்ணியோட 170 கிலோவுக்குக் குறையாது. நாலு தொட்டி, டேங்க் எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்குக் கணக்கு போடுறது சதுர மீட்டருக்கு 150 கிலோ. உங்க டேங்க் மட்டும் தான் நிக்கிற இடத்துல அதைப் போல நாலு மடங்கு அழுத்தும். ஸ்லாப் நடுவுல வைக்கவே வைக்காதீங்க. பீம் ஓடுற இடம், தூணுக்குப் பக்கம், ஸ்டாண்ட் கால் பீம் மேல. வீடு கட்டின இன்ஜினியரைக் கூட்டி ஒரு தடவை காட்டிடுங்க. ஜல்லிக்குப் பதிலா சுட்ட களிமண் உருண்டை போட்டா தொட்டி எடை பாதிக்கு மேல குறையும். விலைதான் கடிக்கும்.

மொட்டைமாடி_மேடவாக்கம்

மீனை நிறுத்திட்டேன். டேங்க்கை மாடிப்படி ஹெட்ரூம் சுவர் ஓரமா, பீம் மேல வைக்கிறேன். மீன் இல்லாம அந்த பாக்டீரியா எதைத் தின்னு வளரும்? எத்தனை மீன்னும் சொல்லலையே.

பாசிப்பச்சை

அதுக்கு அமோனியாவை நாமளே கொடுக்கணும். நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க வச்சிருக்கிற கட்டியில வேற கலப்பு இருக்கலாம், கெமிக்கல் கடையில சுத்தமானதா வாங்குங்க. 450 லிட்டருக்கு 4 கிராம் போட்டா 2 பிபிஎம் சொச்சம் காட்டும். சொட்டு மருந்து மாதிரி வர்ற டெஸ்ட் கிட் கொளத்தூர் மீன் கடைகள்ல கிடைக்கும். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நாலும் வேணும்.

அமோனியா 0.5க்குக் கீழ வந்தா மட்டும் மறுபடி 4 கிராம். முதல்ல அமோனியா இறங்கும், நைட்ரைட் எகிறும், கடைசியில அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். 4 கிராம் போட்ட 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் சைபர்னு வந்தா, அன்னிக்கு மீன் விடலாம். கீரைக் குச்சிகளை இப்பவே நட்டுடுங்க, அதுங்க காத்திருக்க வேண்டாம்.

மீன் கணக்கு தொட்டிப் பரப்பிலேர்ந்து வரணும். அரை டிரம் அரை சதுர மீட்டர், நாலுக்கு ரெண்டு. கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40லேர்ந்து 50 கிராம் மீன் தீவனம் கணக்கு, அப்ப உங்களுக்கு 80லேர்ந்து 100 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில 2 சதவீதம் சாப்பிடும்னா, 4லேர்ந்து 5 கிலோ மீன் போதும். கால் கிலோவுல பிடிக்கிறதா இருந்தா 20 மீன். சேதாரத்துக்குச் சேர்த்து 25 குஞ்சு. 450 லிட்டர்ல இதைப் போல ரெண்டு மடங்கு தாங்கும்னு சொல்வாங்க. தாங்கும், கரண்ட் போகாத வரைக்கும்.

குளத்து ஜிலேபி வேண்டாம், கைநீளம் வர்றதுக்குள்ள குஞ்சு பொரிச்சு டேங்க் நிறைஞ்சிடும், ஒண்ணும் பெருசாகாது. ஆண் குஞ்சு மட்டும் இருக்கிற கிஃப்ட் திலேப்பியா (வேகமா வளர மேம்படுத்தின ஜிலேபி இனம்) கேளுங்க. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர்ல மீன்வளப் பல்கலைக்கழக மையத்துல விசாரிக்கலாம். தீவனம் 28லேர்ந்து 32 சதவீதம் புரதம் உள்ள மிதவைத் தீவனம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் மீன் வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே கரைஞ்சு தண்ணியைக் கெடுத்துடும். பத்து நிமிஷத்துல திங்காததை வலையால எடுத்திடுங்க.

மொட்டைமாடி_மேடவாக்கம் (ஐந்து வாரம் கழித்து)

நிலவரம் இது. பாதி ஆர்ஓ கலந்தேன். அமோனியா 0.25, நைட்ரைட் கிட்டோட கடைசி நிறம், ரெண்டு வாரமா அப்படியே நிக்குது. பிஎச் 7.8. அரைக்கீரையில புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. முதல் தொட்டி வடிய ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குது, மூணாவது ஒழுகிக்கிட்டே இருக்கு, குபுக்குனு இழுக்கலை. யாரோ பஞ்சகவ்யம் ஊத்தச் சொன்னாங்க, ஊத்தட்டுமா?

அரை_இஞ்ச்_எல்போ

முதல் தொட்டிக்குத் தண்ணி அதிகம், வால்வைக் கொஞ்சம் மூடுங்க. அப்பவும் நிக்கலைன்னா பெல் அடி வெட்டை ஒரு செ.மீ. பெருசாக்குங்க, காத்து உள்ள போனாதான் இழுவை அறும். மூணாவதுக்குத் தண்ணி குறைவு, இல்லேன்னா எண்ட் கேப்ல காத்துக் கசிவு. பெல்லைக் கழட்டித் தண்ணியில அமுக்கிப் பாருங்க, குமிழி வர்ற இடத்துல எம்சீல். அது சரின்னா வெளிய இருக்கிற எல்போவுல ஒரு அரை அடிக் குழாய் சேருங்க, தண்ணி அங்க ஒரு நொடி தேங்கினா இழுவை பிடிச்சுக்கும்.

பாசிப்பச்சை

பஞ்சகவ்யம் மண்ணுக்கு. இங்க ஊத்தினா சாணியும் பாலும் தயிரும் அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கும், அமோனியாவும் கூடும். சாணிக் கிருமி பட்ட தண்ணியில வளர்ந்த கீரையை வேற சாப்பிடப் போறீங்க. வேண்டவே வேண்டாம்.

நைட்ரைட் அங்க நிக்கிறது கோளாறு இல்லை. நைட்ரைட்டை மாத்துற ரெண்டாவது கூட்டம் பாக்டீரியா எப்பவும் மெதுவாத்தான் வரும். நவச்சாரம் போடுறதை நிறுத்துங்க, கால்வாசித் தண்ணி மாத்துங்க, காத்திருங்க. மீன் விட்டப்புறம் எப்பவாவது நைட்ரைட் ஏறினா, அயோடின் கலக்காத கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், உங்களுக்கு 450 கிராம். அந்த குளோரைடு நைட்ரைட்டைச் செவுள்ல நுழைய விடாது. ஒரு தடவைக்குத்தான். உப்பு ஆவியாப் போகாது, வாராவாரம் போட்டா கீரை படுத்துடும்.

மஞ்சள் இரும்புச் சத்துக் குறை. தண்ணியில இரும்பு இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் இந்த பிஎச்ல செடியால எடுக்க முடியாது. இரும்பைக் கரைஞ்ச நிலையில பிடிச்சு வைக்கிற பொருளைப் பொறுத்து இரும்பு உரத்துல பல வகை உண்டு. உரக்கடையில சாதாரணமாக் கொடுக்கிற இடிடிஏ இரும்பு 7.8ல வீண். டிடிபிஏ ஏறக்குறைய 7.5 வரைக்கும் தாங்கும். உங்களுக்கு இடிடிஎச்ஏ, 6 சதவீத இரும்பு, 15 கிராம். தண்ணி ரத்தச் சிவப்பா ஆகும், மீனுக்கு ஒண்ணும் பண்ணாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை. பிஎச் 7க்கு வந்ததும் டிடிபிஏவுக்கு மாறுங்க, விலை குறைவு.

பிஎச் 6.5க்குக் கீழ போற நாளும் வரும். அப்ப பொட்டாசியம் பைகார்பனேட் ஒரு வாரம், கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி, ஒரு தடவைக்கு 5 கிராம் கரைச்சு. மீன் தீவனத்துல பொட்டாசியம் கம்மி. பழைய இலை ஓரம் கருகினா அதுதான்.

கம்பி_கட்டுறவன்

மீன் வர்றதுக்கு முன்னாடி 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியும் 5 வாட் டிசி ஏர் பம்ப்பும் மாட்டிடுங்க. பத்து மணி நேரம் ஓடும். மே மாசம் சூடான தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதுல ராத்திரி கரண்ட் போனா விடியறதுக்குள்ள மீன் மேல வந்து வாயைத் திறக்கும். டேங்க் மேல 50 சதவீத நிழல்வலை, அதுக்கடியில காக்காவுக்கு ஒரு நைலான் வலை.

மொட்டைமாடி_மேடவாக்கம்

நன்றி. கடைசியா ஒண்ணு: மிளகாய்ல அசுவினி. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் அடிக்கலாமா?

பாசிப்பச்சை

தொட்டி மேல வச்சு அடிக்கக்கூடாது. சோப்பு செவுளைக் கெடுக்கும், வேப்பெண்ணெயும் அளவு மீறினா மீனுக்கு விஷம். காலையில கையால தடவி எடுத்துட்டு, இலை அடியில வெறும் தண்ணியை வேகமாப் பீய்ச்சுங்க, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை. சிறகு முளைச்சதுக்கு மஞ்சள் ஒட்டுப் பொறி. அதுக்கும் அடங்கலைன்னா மிளகாயைப் பிடுங்கி மண் தொட்டிக்கு மாத்திட்டு, அங்க வச்சு எதை வேணா அடிங்க. அந்த இடத்துல பொன்னாங்கண்ணிக் குச்சி நடுங்க. புதினாவை மட்டும் சைஃபன் பக்கத்துல நடாதீங்க, வேர் 110 குழாய்த் துளைக்குள்ள புகுந்து அடைச்சிடும்.