நெடுநாள் குடிக்குப் பின் நினைவு நன்றாக இருந்தும் முடிவெடுக்கத் தடுமாறுவது ஏன்?

வைகைக்கரை (கேள்வி):
அப்பாவுக்கு வயது 68. மில் வேலைக்குப் போன காலம் தொட்டு அன்றாடம் குடித்தவர். சில மாதங்களாகத் தொடுவதில்லை. ஊர், உறவு, பழைய கணக்கு எல்லாம் நினைவில் இருக்கின்றன. ஆனால் ஓய்வூதியம் வந்த அன்றே கேட்பவருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார். தவறென்று சொன்னால் ஒப்புக்கொள்கிறார்; அடுத்த மாதமும் அதையே செய்கிறார். இது பிடிவாதமா, நோயா?

மனநலச் செவிலியர் (பதில்):
பிடிவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, தவறு தெரிந்ததும் வழியை மாற்றிக்கொள்வது ஆகியவை நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியான முன்மடலைப் பெரிதும் சார்ந்தவை. நெடுங்காலக் குடி அதையும் அதனைச் சிறுமூளையோடு இணைக்கும் நரம்புப் பாதைகளையும் பாதிக்கிறது, வயதான மூளையில் அந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என்று பிரிக்கச் சொல்லி, இடையில் விதியைச் சொல்லாமலே மாற்றும் விஸ்கான்சின் சோதனையில், "தவறு" என்று கேட்ட பிறகும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அப்பாவிடம் நீங்கள் காண்பதும் இதைப் போன்றதே.

தேதி, இடம், மூன்று சொற்கள் என்று கேட்கும் சாதாரண மறதிச் சோதனையில் இவர் தேறிவிடக்கூடும். முன்மடலுக்கான சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மேசைமேல் கைமுட்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று வரிசையாக வைக்கச் சொல்வார்கள். மருத்துவரோடு சேர்ந்து சரியாகச் செய்தவர், தனியே செய்யும்போது வரிசை குழம்பி நிற்பார்.

பொது மருத்துவர் (பதில்):
இரண்டை விட்டுவிடக் கூடாது. குடிப்பவர்களுக்குத் தயாமின் என்னும் பி1 சத்து குறையும். குழப்பம், நடைத் தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு மூன்றில் எது தோன்றினாலும், இந்தக் குறையால் வரும், 1881இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்த நோயாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பறிபோகலாம். முன்பு எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தமும் இப்படியே காட்டும்; ஸ்கேன் அவசியம். மீண்டும் குடிக்கத் தொடங்கினால் வீட்டிலேயே திடீரென நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பும் பிதற்றலும் சில நாட்களுக்குள் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. இழந்தது திரும்புமா?

மனநலச் செவிலியர்:
குடியைத் தொடாதிருந்தால் ஓரளவு திரும்பும். சுருங்கிய மூளையின் பருமன் சில மாதங்களில் கூடுவது ஸ்கேனிலேயே தெரிந்திருக்கிறது. முதியவர்களுக்கு அது மெதுவாகவும் அரைகுறையாகவும் நடக்கும். அதுவரை அவருடைய சம்மதத்தோடு மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டப்பட ஏற்பாடு செய்யுங்கள். கைச்செலவுக்கு வாரந்தோறும் சிறு தொகை கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்.