ரெகுலர் 8 ஃபிலிம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என் மாமாவின் இரண்டு ஹோம் மூவி கேமராக்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. இரண்டும் 8 மி.மீ. ஃபிலிம் வகைகள்: ஒன்று சூப்பர் 8. இன்னொன்று அதற்கும் முந்தைய ரெகுலர் 8, சாவி முறுக்கி ஓட்டுவது. இரண்டும் ஓடுகின்றன.

சூப்பர் 8-க்கு ஃபிலிம் பிரச்சினை இல்லை. 1965-ல் அதைக் கொண்டுவந்த கோடாக் இன்றும் கார்ட்ரிட்ஜ் விற்கிறது. விலைதான் கையைக் கடிக்கிறது: 50 அடி, நொடிக்கு 18 ஃபிரேம் வைத்தால் 3 நிமிடம் 20 நொடியில் காலி!

சிக்கல் ரெகுலர் 8-ல்தான். அதன் ஃபிலிம் 16 மி.மீ. அகலம், ஆனால் ஓரத் துளைகள் சாதாரண 16 மி.மீ. ஃபிலிமைவிட இருமடங்கு. 25 அடிச் சுருள். ஒரு பாதியில் எடுத்து முடித்ததும் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு நடுவில் நீளவாக்கில் வெட்டி ஒட்டுவார்கள். அதனால் சாதாரண 16 மி.மீ. ஃபிலிம் இதற்கு ஆகாது. செக் நாட்டு ஃபோமா நிறுவனத்தின் ஃபோமாபான் ஆர் 100 இந்த வடிவில் வருகிறது, கருப்பு வெள்ளை ரிவர்சல் (நெகடிவ் இல்லாமல், கழுவியதும் நேராகத் திரையிடக்கூடிய படம் தருவது).

அதை இந்தியாவுக்கு வரவழைத்தவர்கள் உண்டா? சுங்க வரி எவ்வளவு ஆனது? ஜெர்மனியிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன், ஆனால் விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடுமோ என்று பயம். அப்புறம், சென்னையிலோ பெங்களூரிலோ ரிவர்சல் கழுவும் லேப் இருக்கிறதா? வீட்டிலேயே கழுவியவர்கள் ப்ளீச்சுக்கு (முதலில் உருவாகும் நெகடிவ் படத்தை நீக்கும் ரசாயனம்) என்ன பயன்படுத்தினீர்கள்?

கோடாக்கின் பழைய கலர் ஃபிலிமான கோடாக்ரோம் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கலரில் கழுவிய கடைசி லேபும் 2010 இறுதியோடு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது.