அப்பாவின் தேவாரப் பதிவில் 'உம்' இரைச்சலும் எதிரொலியும்: மீதி 3,000 ரூபாயில் தீருமா?

மாடியறை (கேட்டவர்)

வணக்கம். மன்னார்குடியில் இருக்கிறேன். அப்பா கோயிலில் ஓதுவாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பாடும் பதிகங்களைப் பண் மாறாமல் வீட்டிலேயே பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வசதியில்லை. அப்பாவும் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு பாட மாட்டார். 15,000 ரூபாய் ஒதுக்கினேன். கண்டென்சர் மைக் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை), மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஸ்டாண்ட், கேபிள், காதை மூடும் ஹெட்போன் என்று 12,000 போய்விட்டது. பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போட்டிருக்கிறேன்.

அறை மாடியில், 10க்கு 10 அடி. உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. டைல்ஸ் தரை, ஒரு பீரோ, ஒரு ஜன்னல். வேறு சாமான் இல்லை.

பதிவில் விடாமல் 'உம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கீழ் ஸ்தாயியில் சில இடங்களில் மட்டும் திடீரென்று வீங்குகிறது. ஹெட்போனில் அவர் குரல் அவருக்கே தாமதமாகக் கேட்பதால் "எனக்குப் பின்னால் யாரடா பாடுகிறான்?" என்று கழற்றி வைத்துவிட்டார். கடைக்காரர் 3,000 ரூபாய்க்குக் கறுப்பு ஃபோம் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். ஒட்டலாமா?

கம்பிவடம்

ஃபோம் இருக்கட்டும், பணத்தை எடுக்காதீர்கள். முதலில் அந்த 'உம்'மைப் பிடிப்போம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடுத்து, மைக்கின் உலோக உடம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா? பிறகு மின்விசிறியையும் எல்.இ.டி. விளக்கையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். மின்விசிறி ரெகுலேட்டர் பழைய பெட்டி மாதிரியா, புதிய எலக்ட்ரானிக் வகையா என்பதையும் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் குறைந்த வேகத்தில்தான் அதிகம் இரையும்.

குரல் தாமதத்துக்கு ஒரு காசும் செலவில்லை. உங்கள் இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். ஆடாசிட்டியில் பதிவாகும் குரலை மென்பொருள் வழியாகத் திருப்பிக் கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இப்போது குரல் கணினிக்குள் போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. பொத்தானை அழுத்தினால் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் காதுக்கு வந்துவிடும்.

மாடியறை

அண்ணா, தாமதம் போயே போய்விட்டது! சார்ஜரை உருவியதும் 'உம்' தொண்ணூறு பங்கு அடங்கிவிட்டது. சார்ஜர் செருகியிருக்கும்போது மைக்கைத் தொட்டாலும் குறைகிறது. இன்னொன்று: சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் ஓரத்தைப் புறங்கையால் வருடினால் மெல்லிய அதிர்வு தெரிகிறது. சார்ஜர் மூன்று முள்தான், சுவரிலும் மூன்று துளைதான். ரெகுலேட்டர் பழையது, மின்விசிறியாலும் விளக்காலும் மாற்றம் இல்லை.

கம்பிவடம்

அப்படியானால் துளை மூன்று இருக்கிறது, மூன்றாவதில் கம்பி இல்லை. மாடியைப் பிற்பாடு கட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம். எர்த் கம்பியைக் கீழிருந்து மேலே இழுக்காமல் விட்டுவிடுவார்கள். சார்ஜருக்குள் கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடம்பிலும் யூ.எஸ்.பி. கேபிளின் உறையிலும் ஏறி, மைக் வரைக்கும் வருகிறது. நீங்கள் தொட்டதும் உங்கள் உடம்பு அதற்கு வழி கொடுக்கிறது, அதனால்தான் குறைகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு. இரைச்சலும் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் நிற்கும்.

இன்றைக்குப் பேட்டரியில் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டு "சரியாகிவிட்டது சார்" என்று சிலர் போய்விடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் லேப்டாப் உடம்பில், மைக்கில், ஸ்டாண்டில் முழு 230 வோல்ட் ஏறும். அப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்.

நாலுசுவர்

அறையைப் பற்றி நான் சொல்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்றால் ஒலிக்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது. பத்தடி இடைவெளியில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். அடுத்து 112, அதற்கடுத்து 168. மூன்று திசையிலும் அதே எண்கள் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். ஆண்குரலின் கீழ் ஸ்தாயி அந்த 112ஐ ஒட்டித்தான் நடமாடும். அப்பா அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறையும் கூடவே பாடுகிறது.

ஓர் அங்குல ஃபோமுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. 112 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர். ஃபோம் 'ஸ், ஷ்' போன்ற மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சும். அடிக்குரலை அப்படியே விட்டுவிடும். பிறகு குரல் கம்பளிக்குள் முனகுவதுபோல் இருக்கும், வீக்கமும் போகாது. முட்டை அட்டை ஒட்டச் சொல்பவர்களும் வருவார்கள், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தெருச் சத்தத்தையும் இவை எதுவும் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதா?

மாடியறை

இரண்டு இருக்கின்றன, பழையவை. பவானி ஜமுக்காளமும் உண்டு. மெத்தையை மைக்குக்குப் பின்னால் நிறுத்தவா? இதற்கிடையில் நண்பர் ஒருவர் கண்டென்சரை விற்றுவிட்டு, மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக் வாங்கினால் எதிரொலியே வராது என்கிறார்.

நாலுசுவர்

மைக்குக்குப் பின்னால் அல்ல, அப்பாவுக்குப் பின்னால். உங்கள் மைக் கார்டியாய்டு வகையாகத்தான் இருக்கும். அது முன்னால் இருப்பதைக் கேட்கும், முதுகுப்பக்கம் செவிடு. அதன் முன்னால் அப்பா; அப்பாவுக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேராக மைக்குக்குள் போகிறது. இரண்டு மெத்தைகளையும் 'ட' போல் மூலையை ஒட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி நிமிர்த்துங்கள். அந்தச் சாண் இடைவெளி இருந்தால் இன்னும் சற்றுக் கீழான ஒலிகளும் அடங்கும். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். பீரோவை விரலால் தட்டிப் பாருங்கள், ஓசை நீண்டால் அதன் மேலேயும் உள்ளேயும் போர்வைகளை அடுக்குங்கள். அறையின் நட்டநடுவில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்; சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி அமரட்டும்.

இரவுப்பதிவு

டைனமிக் மைக் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. அறை ஒலி குறைவது மைக்கை வாய்க்கு அருகில் வைப்பதால்தான். தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். அறையின் ஒலி அப்படியே இருக்கும். கண்டென்சரை அருகே வைத்தாலும் இதே பலன்தான். மேடையில் எல்லோரும் பயன்படுத்தும் ஷ்யூர் எஸ்எம்58 1966இலிருந்து வருகிறது, நல்ல மைக்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் வெளியீடு மிகக் குறைவு. விலை குறைந்த இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் திருகை) உச்சிக்குத் திருக வேண்டியிருக்கும். 'உம்' போய் 'ஸ்ஸ்' வந்து உட்காரும். உள்ளதை விற்காதீர்கள்.

நாலுசுவர்

அருகே என்றால் எவ்வளவு அருகே? ஒட்டி வைத்தால் கார்டியாய்டில் அடிக்குரல் தானாகவே தடிக்கும். ஏற்கெனவே வீங்கும் அறையில் அது வேண்டாம். தேவாரம் பாடுகிறவர் மெல்லத் தொடங்கி மேலே போகும்போது குரலைத் திறந்துவிடுவார், தலையும் அசையும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, வாய்க்கு நேராக அல்லாமல் நெற்றி உயரத்திலிருந்து கீழ்நோக்கி வையுங்கள்.

மாடியறை

செய்து பார்த்தேன். மெத்தையை இடம் மாற்றியதில் வந்த வித்தியாசத்தை நம்பவே முடியவில்லை. முன்பு கை தட்டினால் 'டிங்' என்று சுவர்களுக்கிடையே ஒரு கூர்மையான ஒலி ஓடும், அது நின்றுவிட்டது. கீழ் ஸ்தாயி வீக்கம் முழுதாகப் போகவில்லை, பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

இப்போது வேறொன்று. அப்பா கையில் தாளம் (சிறு வெண்கலக் கைத்தாளம்) வைத்துக்கொண்டுதான் பாடுவார். குரல் சரியான அளவில் இருக்கும்போதே தாளம் ஒலித்ததும் இன்டர்ஃபேஸில் ஒலி அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னுகிறது. தாளம் இல்லாமல் பாடச் சொன்னால் கை தொடையைத் தட்டுகிறது. ஹெட்போனும் வேண்டாம் என்கிறார். சுருதிப்பெட்டி பக்கத்தில் ஒலித்தால்தான் பாட்டு வருமாம்.

இரவுப்பதிவு

தாளத்தைப் பிடுங்காதீர்கள் தம்பி. அது போனால் அவர் பாட்டின் நடையும் போய்விடும். கையை மடிக்குக் கீழே, சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மைக் மேலிருந்து முகத்தைப் பார்ப்பதால் தாளம் ஓரத்துக்குப் போய்விடும். கெயினைக் குரலுக்கு வைக்காமல் தாளத்துக்கு வையுங்கள்: அவர் பலமாகத் தட்டும் இடத்தில் ஆடாசிட்டியின் ஒலி அளவுமானி −6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அப்போது குரல் −18 பக்கம் நின்றாலும் பரவாயில்லை. உங்கள் இன்டர்ஃபேஸ் 24 பிட் என்றால் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். அளவு மீறி உடைந்த ஒலியை ஒன்றும் செய்ய முடியாது.

சுருதிப்பெட்டியை மைக்கின் முதுகுப்பக்கம், அவருக்குக் கேட்கும் அளவில் வையுங்கள். பதிவில் கொஞ்சம் கலக்கும், கலக்கட்டும். இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் சுருதியையே வையுங்கள், தம்பூரா மீட்டல் வேண்டாம். ஒரு பாடலில் இரண்டு வரியை வெட்டி மறு பதிவிலிருந்து ஒட்டும்போது மீட்டல் இடறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிகம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். பத்துப் பதினோரு பாட்டு, மின்விசிறி இல்லாத மன்னார்குடி வெயிலில்! இரண்டு பாட்டுக்கு ஒருமுறை விசிறியைப் போட்டு வெந்நீர் கொடுங்கள். விடியற்காலையில் தெரு அமைதியாக இருக்கும், மார்கழி தவிர. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து வினாடி யாரும் பேசாமல் அறையை மட்டும் பதியுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கிக்கு அதுதான் மாதிரி. அதை லேசாகப் போடுங்கள். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள் போய்விடும்.

மாடியறை

நன்றி ஐயா. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். 3,000 அப்படியே இருக்கிறது. எர்த் கம்பி இழுத்ததுபோக மிஞ்சினால் என்ன வாங்கலாம்?

கம்பிவடம்

வெளி ஹார்ட் டிஸ்க். பதிவுகளை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்புகளாகவே அதில் ஒரு பிரதி போட்டு, லேப்டாப் இல்லாத வேறொரு வீட்டில் வையுங்கள். எர்த் சோதித்ததும் என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுங்கள்.